தீவகத்துப் பேரேடுகள்

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தின் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே, நேர்த்திக்கடனுக்கென்று வரும் அடியார்களிற் பெரும்பாலோர் கவனியாது கடந்துபோகின்ற தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்த அக்கல், அரசனுடைய வெற்றிகளை விட்டு வியாபாரிகளுடைய பாதுகாப்பைப் பற்றிப் பேசுகின்றது. அக்காலத்தில் ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறையிலே பரதேசிகள் (பிறதேசத்தார்) வந்து தங்குதல் வேண்டும், அவர்கள் இரட்சிக்கப்படுதல் வேண்டும் என்று விதிக்கும் அச்சாசனம், யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் சேரும் என்றும், வாணிபப் பண்டம் கொண்டுவந்த மரக்கலம் உடைந்துபோனால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் சேரும் என்றும் கணக்கைத் திட்டமாக வகுத்து வைக்கின்றது. சேனைக்கு இன்றியமையாத மிருகங்களைக் கடல் கடந்து கொண்டுவருபவனுக்கு அரசன் கூடுதலான சலுகை காட்டினான் என்று கருத இடமுண்டு.

இவ்விதி கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டது என்று அச்சாசனமே கூறுகின்றது. துறைக்கு வருபவர் எவரும் காணும்படி ஒரு பிரதியும், காலத்துக்கும் காவலுக்கும் ஈடுகொடுக்கும்படி வேறொரு பிரதியும் செய்து வைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தமாகும். ஏடு எங்கே இருக்கிறது, அதில் எழுதத் தகுந்தவர் யார், ஒருவர் எழுதியதை மற்றவர் எப்பொழுது அறிவார், ஒரு பிரதி அழிந்தால் மறுபிரதி எங்கே என்னும் கேள்விகள், இன்று வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ கடை வைத்திருக்கும் ஒருவர் தம்முடைய மூன்று நான்கு கணினிகளை ஒரு வலையமைப்பாக இணைத்து, நடுவிலே தரவுத்தளச் சேவையகம் ஒன்றை நிறுவ எண்ணும்போது கேட்கவேண்டிய கேள்விகளே. அவை இந்தத் தீவுகளில் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வந்திருக்கின்றன என்பதும், ஒவ்வொரு தலைமுறையும் தனக்குக் கிடைத்த சாதனத்தைக் கொண்டு அவற்றுக்கு விடை தேடியிருக்கின்றது என்பதும் தீவகத்தாராகிய நாம் போதிய அளவு எண்ணிப் பாராத விஷயங்கள் என்பது என் அபிப்பிராயம்.

பராக்கிரமபாகுவின் காலத்துக்குப் பிறகு நெடுங்காலம் ஓலையே ஆட்சி செய்தது. நிலம் விற்றவன் விலையோலை எழுதிக் கொடுத்தான். ஈடு வைத்தவன் ஈட்டோலை எழுதிக் கொடுத்தான். ஓலை யார் கையில் இருந்ததோ அவன் பக்கமே நியாயமும் சாய்ந்தது. கறையான் அரித்த ஓலைக்கும், கூரையோடு எரிந்த ஓலைக்கும், ஒரே காணிக்கு இருவர் கொண்டுவரும் இரண்டு ஓலைகளுக்கும் அந்த முறையிலே பரிகாரம் இருக்கவில்லை.

போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபின் வரியின் பொருட்டு ஊர் ஊராகக் காணிகளைப் பதிந்து தோம்பு எழுதும் வழக்கத்தைத் தொடக்கினர். 1658இல் அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர், கடற்கோட்டையாகிய ஹம்மன்ஹீலைக் கைக்கொண்டதோடு அமையாமல், தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களையே தீவுகளுக்குச் சூட்டினார்கள்: நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க்கும், நயினாதீவு ஹார்லமும், அனலைதீவு ரொட்டர்டாமும், காரைதீவு அம்ஸ்டர்டாமும் ஆயின. இப்பெயர்களில் டெல்வ்ற் ஒன்றே இன்றும் வழக்கில் நிலைத்திருக்கிறது. ஏனையவற்றை மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பெயர்களைத் தள்ளிய அதே மக்கள், ஒல்லாந்தர் விரிவாக்கிய தோம்பைத் தள்ளவில்லை. காரணம் எளிது. வரி அறவிடுவதற்காக எழுதப்பட்ட அந்த ஏடு, நாளடைவில் குடிகளுக்கே சாட்சியாக மாறியது. இன்ன ஊரில் இன்ன பெயருடைய காணி இன்னாருக்குரியது என்று இராசாங்கத்தின் ஏடு சொல்லுமானால், அயலான் சொல்லுக்கு வலிமை இல்லாமற் போயிற்று.

தோம்பின் தொழிலைச் சற்று நின்று கவனித்தல் தகும். காணித் தோம்பு நிலத்தையும், பாடசாலைத் தோம்பு ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் காட்டின. பின்னையதை எழுதிக் காத்தவர் கோயிற்பற்றுப் பாடசாலையின் உபாத்தியாயர். பிலிப்பஸ் பல்டேயஸ் என்னும் ஒல்லாந்தப் போதகர் 1672இல் வெளியிட்ட நூலிலே யாழ்ப்பாணக் கோயிற்பற்றுகளைப் படங்களோடு விவரித்திருப்பதைப் பார்த்தவர்கள், அந்நிர்வாகம் எவ்வளவு தூரம் ஊருக்குள்ளே வேர்விட்டிருந்தது என்பதை உணர்வார்கள். ஏடு ஓரிடத்தில் இருந்தது. கேட்பவர் பலர். கேட்பவர் ஏட்டைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. தமக்கு வேண்டிய விஷயத்தை ஏடு காப்பவரிடம் கேட்பார். அவர் புரட்டிப் பார்த்து, கேட்டதற்கு மாத்திரம் விடை சொல்வார். எழுதும் அதிகாரம் அவருக்கே உண்டு; பார்க்கும் உரிமை பலருக்கு உண்டு. இன்றைய சேவையகத்தின் இலக்கணமும் இதுவே.

யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமாகிய தேசவழமை நூலாக்கப்பட்ட வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் அவ்வழக்கங்களைத் திரட்டினார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களால் பரிசோதிக்கப்பட்டு 1707இல் நடைமுறைக்கு வந்தது. காணி விற்க விரும்புபவன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவித்தல் வேண்டும் என்பதும், உரித்தாளர், பங்காளர், எல்லைக் காணிக்காரர், ஈடு பிடித்தவர் ஆகியோருக்கு அந்த அவகாசத்துக்குள் முதலிற் கொள்ளும் உரிமை உண்டு என்பதும் அக்காலத்து விதி. ஏட்டிலே ஒரு பெயரை மாற்றி எழுதுமுன், அப்பெயரோடு தொடர்புடைய யாவரும் விலகி நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்ட அந்த முன்யோசனை வியக்கத்தக்கது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குத் தொடர்ந்து சட்டவலு அளித்தனர்.

பிரித்தானியர் செய்த முக்கியமான மாற்றம் உறுதி எழுதும் முறையிலே நிகழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகள் ஒப்பமிட எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. நாளடைவில் அவ்வுறுதி மூன்று பிரதிகளாயிற்று: ஒன்று காணி வாங்கியவனுக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு, ஒன்று, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள், காணிப் பதிவகத்துக்கு. வீடு எரியலாம், நொத்தாரிசு இறக்கலாம், பதிவகம் வெள்ளத்தில் மூழ்கலாம்; மூன்றும் ஒரே நாளில் நேருதல் அரிது என்று சட்டம் எழுதியவர் கணக்கிட்டார்கள் போலும்.

பழைய உறுதி ஒன்றை விரித்துப் பார்க்கும் எவரும் முதலிற் காண்பது காணியின் பெயரை. தீவகத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் தனிப்பெயர் உண்டு; பெயரின் பின் பரப்புக் கணக்கு (16 பரப்பு ஓர் ஏக்கர்), அதன்பின் கிழக்கு வடக்கு மேற்குத் தெற்கு என்னும் நான்கு எல்லைகளிலும் உள்ளவர் பெயர்கள், அதன்பின் பனை வடலி, கிணற்றிலே பங்கு, வழி வாய்க்கால் உரிமை. நெடுந்தீவிலே சுண்ணாம்பின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள் எல்லையைக் கண்ணுக்குக் காட்டி நிற்கின்றன. ஆனால் வேலிக்குள்ளே எத்தனை பேருக்கு எத்தனை கூறு என்பதை வேலி சொல்லாது. மேலும், ஒரே பெயருள்ள காணிகள் பல. ஒரே பெயருள்ள மனிதர்கள் அதனினும் பலர். கந்தையாவின் மகன் சின்னத்தம்பி என்றால் புங்குடுதீவில் எந்தக் குறிச்சிச் சின்னத்தம்பி? இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது பதிவகத்தின் ஏட்டுப் பக்க இலக்கம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பத்திரப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு காணியைப் பற்றிய பதிவுகள் யாவும் அதற்கென ஒதுக்கிய பக்கத்திலே தொடர்ந்து எழுதப்படும். பக்கம் நிரம்பினால் எந்தப் பக்கத்தில் தொடர்கிறது என்ற குறிப்பு இடப்படும். காணி பிரிக்கப்பட்டால் புதிய பக்கமும் பழைய பக்கமும் ஒன்றையொன்று சுட்டி நிற்கும். வந்துசேரும் பத்திரம் முதலில் நாட்புத்தகத்திலே வந்த ஒழுங்கில் ஏறும். பிறகே தன் பக்கத்துக்குப் போகும். முந்திப் பதிந்தவனுக்கே முதன்மை என்பதால், நாட்புத்தகத்தின் வரிசையிலே ஒருவனுடைய சொத்தே தங்கியிருந்தது.

இவையெல்லாம் நிலத்தின் கணக்கு. தீவகத்தாருடைய மற்றைய கணக்குக் கடையின் கணக்காகும். மழைநீரையும் சொற்பமான நன்னீர்க் கிணறுகளையும் நம்பியிருந்த இத்தீவுகளில் வேளாண்மை குடும்பத்தைத் தாங்கப் போதாமையால், புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு முதலிய ஊர்களிலிருந்து ஆண்கள் கொழும்புக்கும் தென்னிலங்கையின் பட்டினங்களுக்கும் போய்ச் சுருட்டுக்கடையும் சைவக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்தார்கள். முதலாளி ஒருவர், பங்காளிகள் இருவர் மூவர், ஊரிலிருந்து வந்த பொடியன்கள் சிப்பந்திகள், இவர்கள் நடுவே, பேனாவும் மைக்கூடும் தவிர வேறு ஆயுதம் இல்லாத கணக்கப்பிள்ளை. பிள்ளையார் சுழியோடு தொடங்கும் நாளேட்டிலே அன்றன்றைய கொடுக்கல் வாங்கல் நடந்த வரிசையில் ஏறும். இரவு கடை பூட்டியபின், அரிக்கன் விளக்கின் வெளிச்சத்திலே, ஒவ்வொரு பதிவும் பேரேட்டில் அவரவர் பெயருக்குரிய பக்கத்துக்குப் பெயர்க்கப்படும். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கப்படும். நாளேட்டில் இல்லாதது பேரேட்டுக்கு வரலாகாது என்பது கணக்கப்பிள்ளைமாரின் கண்டிப்பான பிரமாணம். பேரேடு கிழிந்தாலும் நாளேடு இருந்தால் அதை மீண்டும் எழுதிவிடலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒரு கடையாக இருந்தவரையில் அந்த முறைக்குக் குறையில்லை. கடை இரண்டாகி, கிட்டங்கி வேறொரு தெருவுக்குப் போய், இரண்டாவது கடையைத் தம்பி பார்க்கத் தொடங்கியதும் சங்கடம் பிறந்தது. அண்ணன் ஏட்டில் கிட்டங்கியில் இருப்பதாகக் கண்ட மூட்டை தம்பி கடையில் ஏற்கெனவே விலைப்பட்டிருக்கும். ஒரு கடையில் கடனை அடைத்தவரிடம் மற்றக் கடையில் பற்று நிற்பதாகக் கேட்டு மனஸ்தாபம் வரும். ஏடுகள் பலவாகும்போது உண்மையும் பலவாகிவிடுகின்றது என்பது, சகோதரர் பங்குபிரிந்த எத்தனையோ குடும்பக் கதைகளின் மூலகாரணம்.

இன்றைய சிறு கடையும் கணினி வந்த புதிதில் இதே சங்கடத்தைத்தான் விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. மீன்பிடி வலை, வள்ளத்துக்கு வேண்டிய இயந்திர உதிரிப்பாகம், சீமெந்து, அரிசி யாவும் விற்கும் தீவகத்துக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் காசு வாங்கும் இடம் இரண்டு, பின்னாலே கிட்டங்கி, மேல்மாடியில் கணக்கு. நான்கு கணினிகளும் நான்கு கோப்புகளை வைத்திருந்தால், கிட்டங்கியில் பத்துச் சீமெந்துப் பக்கற்றுகள் எஞ்சியிருக்கும் நேரத்தில், ஒருவர் எட்டும் மற்றவர் ஐந்தும் ஒரே கணத்தில் விற்றுவிடுவார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகமுடியாமல் கடனுக்கு அரிசி வாங்கிய தொழிலாளி, தொழில் தொடங்கியதும் கொண்டுவந்து கட்டிய பணம், ஒரு கோப்பில் ஏறி மற்றதில் ஏறாமல் நிற்கும்.

தரவுத்தளச் சேவையகம் என்பது இதற்குப் பரிகாரமாக நடுவில் அமர்த்தப்படும் ஒரு கணினியும் அதில் இயங்கும் நிரலுமே. ஏடு அதனிடத்தில் மாத்திரம் இருக்கும். மற்றைய மூன்றும் கேட்கவும் எழுதுவிக்கவும் செய்யும். எட்டுப் பக்கற்று விற்ற பதிவு முடியும்வரை, ஐந்து கேட்ட கணினி கணப்பொழுது காத்திருக்கும்; பிறகு எஞ்சியது இரண்டே என்று அறியும். விற்பனை ஒன்றிலே இருப்புக் குறைதலும் வாங்கியவர் பெயரில் பற்று ஏறுதலும் ஒரே காரியத்தின் இரு பாதிகள். முதற்பாதி எழுதப்பட்டவுடன் மின்சாரம் நின்றுபோனால், மீண்டும் எழும்போது சேவையகம் அந்த அரைகுறையை நீக்கி, காரியம் தொடங்கவே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கு அது கையாளும் உபாயம் கணக்கப்பிள்ளைமார் கையாண்டதே: செய்யப்போவதை முதலில் நிகழ்ந்த வரிசையில் ஒரு குறிப்பிலே எழுதிவைத்துக்கொண்டு, பிறகே உரிய பக்கத்தை மாற்றுகின்றது. ஆறு மாதமாகப் பற்றை அடைக்காதவர் யார் என்று முதலாளி கேட்டால், முழுப் பேரேட்டையும் வலையமைப்பின் வழியே தூக்கிக்கொண்டு வராமல், தன்னிடத்திலேயே தேடிப் பார்த்து, அந்தச் சில பெயர்களை மாத்திரம் அனுப்புகின்றது. காசு வாங்கும் பொடியன் விற்பனையைப் பதியலாம், விலையை மாற்றலாகாது. கிட்டங்கிக்காரர் இருப்பைப் பார்க்கலாம், கடன்காரர் கணக்கைப் பார்க்கலாகாது. இந்த வரம்புகளையும் அதுவே காக்கின்றது.

இவ்வேற்பாட்டுக்கு அடிப்படையான சிந்தனையைத் தந்தவர், இங்கிலாந்திற் பிறந்து கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த எட்கார் கோட். 1970 ஜூனில் வெளிவந்த கட்டுரையிலே, தகவல்களை எளிய அட்டவணைகளாக வைத்து, ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பெறுமதியினால் ஒன்றோடொன்று இணைக்கலாம் என்றும், கேட்பவர் அவை உள்ளே எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறியவேண்டியதில்லை என்றும் அவர் நிறுவினார். 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லினும் பொய்ஸும் அதற்குரிய வினவல் மொழியை வெளியிட்டனர். 1979இல் ஒறக்கிள் அதை விற்பனைப் பண்டமாக்கிற்று. பெருநிறுவனங்களுக்கே எட்டிய அந்த வசதி, மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச நிரல்கள் வந்தபின் ஊர்காவற்றுறைக் கடைக்கும் எட்டியது. ஒவ்வொரு வரிக்கும் ஐயத்துக்கு இடமில்லாத தனி அடையாளம் வேண்டும் என்ற கோட்டின் கொள்கையை, சின்னத்தம்பிகளின் மத்தியிலே தொழில் செய்த காணிப் பதிவாளர் எவரும் தயக்கமின்றி ஒப்புக்கொண்டிருப்பார்.

ஆயினும் ஓரிடத்து ஏட்டுக்கு ஓரிடத்து ஆபத்தும் உண்டு. அதைத் தீவகத்தார் அறிந்த அளவுக்கு அறிந்தவர் அரிது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் தென்னிலங்கையில் எரிந்த கடைகளோடு பேரேடுகளும் எரிந்தன. சரக்குப் போனதைக் கண்ணால் கண்டார்கள். யார் யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்ற கணக்கும் போனது, ஊர் திரும்பி உட்கார்ந்து யோசித்தபோதுதான் தெரிந்தது. அந்த இரண்டாவது நஷ்டத்திலிருந்தே பலர் எழும்பமுடியாமற் போயினர். 1990களின் தொடக்கத்திலே தீவுகளே வெறிச்சோடி, மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது, நகையோடு சேர்த்து உறுதிக் கட்டையும் எடுத்தவர்கள் உண்டு. எடுக்க அவகாசம் இல்லாதவர்கள் அவர்களிலும் அதிகம். பிற்காலத்தில் திரும்பி வந்தவர்களுக்கு நொத்தாரிசின் கோவையிலும் பதிவகத்திலும் இருந்த பிரதிகளே ஆதாரமாயின. பத்தாண்டு அனுபவத்தால் பிறர் காணிக்கு உரிமை கோரும் ஆட்சியுரிமைச் சட்டத்துக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாதச் செயல்களால் தம் காணி உரிமையை நீதிமன்றத்திலே கோரமுடியாதிருந்தவர்களின் பொருட்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேஷ விலக்கு அளித்தது. அந்த விலக்கைப் பயன்படுத்துவதற்கும் ஏதேனும் ஒரு பிரதி எங்கேனும் தப்பியிருக்க வேண்டியிருந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியார் இங்கே எழுதியவற்றிற் பலவற்றைப் பிரதிசெய்து பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஒல்லாந்துக்கும் அனுப்பிய காரணத்தினாலேயே, யாழ்ப்பாணத்தின் பழைய விவகாரங்கள் சிலவற்றை இன்று ஹேக் நகரத்து ஆவணக்காப்பகத்திலே படிக்கமுடிகின்றது. யுனெஸ்கோ 2003இல் அக்கொம்பனியின் ஆவணங்களை உலக ஞாபகப் பதிவேட்டிற் சேர்த்தது.

ஆகவே சேவையகம் வாங்கும் கடைக்காரர் அதன் வேகத்தையும் விலையையும் விசாரிக்குமுன் மறுபிரதியைப் பற்றி விசாரித்தல் வேண்டும். கணக்கு மேசையின் கீழே சேவையகத்தையும், அதன் மேலேயே பிரதியெடுத்த தட்டையும் வைத்திருப்பவர், ஒரு தீப்பொறிக்கு இரண்டையும் ஒருங்கே கொடுக்கச் சம்மதித்தவராவார். இரவுதோறும் ஒரு பிரதி கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்ச் சேருதல் வேண்டும். இணையத்தின் வழியே அனுப்பலாம், வாரத்துக்கொருமுறை புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து போகும் வான்காரர் கையில் கொடுத்தும் அனுப்பலாம். மறுபிரதியைப் போலவே மின்சாரத்தையும் எண்ணுதல் வேண்டும்: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தவை. அவற்றுக்குக் காற்றையும் சூரிய ஒளியையும் சேர்த்த கலப்பு மின்திட்டத்தை இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் அமைக்கும் ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. அது நிறைவேறிய பின்னரும், மின்சாரம் தடைப்படும்போது ஒழுங்காகப் பதிவை முடித்து நிறுத்த அவகாசம் தரும் மின்கலம் ஒன்று சேவையகத்தின் அருகே இருந்தே ஆகவேண்டும்.

பிரதியெடுப்பவர்களிலும், எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பவர்கள் சொற்பம். மாதத்துக்கொருமுறை அப்பிரதியை வேறொரு கணினியிலே ஏற்றி, சீமெந்து இருப்பு எத்தனை, இன்னாருடைய பற்று எத்தனை என்று பத்துக் கேள்விகள் கேட்டு, கடையின் நடப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் கடையைப் பூட்டிவிட்டு, பொடியன் ஒருவன் மூட்டைகளை எண்ணிச் சொல்லச் சொல்ல, பேரேட்டில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் குறியிட்டுக்கொண்டு போன பழைய கணக்கப்பிள்ளைமார் செய்ததும் இதே வேலைதான். எண்ணிக்கை பொருந்தாத வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, காரணம் கண்டுபிடிக்கும்வரை புதுக்கணக்கு எழுத அவர்கள் சம்மதித்ததில்லை.